தண்ணீர் பக்குவமாகும் வரை

கேட்க வேண்டியதைக் கேளுங்கள், சொல்கிறேன். அதற்கு முன்னால் மேசை மேல் இருக்கிற அந்தப் பிளாஸ்டிக் பையை ஏ.சி. காற்று நேராக அடிக்காத இடமாகப் பார்த்துக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அவசரம் ஒன்றும் இல்லை. காலையில் ஒன்பது மணிக்குக் கட்டிய பை, உள்ளே இருக்கிற காற்று ராத்திரி வரை தாங்கும். வேறு மீனாக இருந்தால் பதறியிருப்பேன். இது தங்கமீன். தங்கமீனைச் சாகடிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை.

பெயர் நொலீன் வுகோவிச். வயது அறுபத்து நான்கு. டிம்புலா ஊருக்கு வெளியே வீடு, ஒரு காலத்தில் புகையிலை போட்ட பண்ணை, இப்போது மாந்தோப்பு. கணவர் ஸ்டிபே இறந்து எட்டு வருடம் ஆகிறது. வீட்டுக்குள் முப்பத்தொரு மீன்தொட்டி வைத்திருக்கிறேன். எங்கள் வட்டார மீன் வளர்ப்போர் சங்கத்துக்குப் பதினாறு வருடமாக நான்தான் தலைவி. இதையெல்லாம் பெருமைக்குச் சொல்லவில்லை. நான் செய்தது ஏதோ புத்தி கெட்டுப் போய்ச் செய்தது என்று வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளாதீர்கள், அதற்காகச் சொல்கிறேன்.

நான் எதையும் மறைக்கப் போவதில்லை. மன்னிப்பும் கேட்கப் போவதில்லை. அதை இப்போதே சொல்லிவிட்டால் உங்களுக்கும் நேரம் மிச்சம்.

நீங்கள் மீன் வளர்த்ததில்லை என்கிறீர்கள். அப்படியானால் முதலில் இது புரிய வேண்டும். புதுத் தொட்டியில் தண்ணீரை நிரப்பினால் பார்ப்பதற்குப் பளிங்கு மாதிரி இருக்கும். அதை நம்பி டிஸ்கஸ் மாதிரி மென்மையான மீனை விட்டீர்கள் என்றால் மூன்றாம் நாள் செத்து மிதக்கும். மீன் விடுகிற கழிவே மீனுக்கு விஷம். அந்த விஷத்தைத் தின்று சரிசெய்கிற, கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் தொட்டியில் குடியேற ஆறு வாரம் பிடிக்கும். அவை வர வேண்டுமென்றால் முதலில் விஷம் இருக்க வேண்டும். விஷம் இருக்க வேண்டுமென்றால் யாராவது உள்ளே இருக்க வேண்டும். ஆகவே எதையும் தாங்குகிற மீனாக ஒன்றைப் பார்த்து முதலில் விடுவோம். எங்கள் சங்கத்தில் அதற்கு முதல் மீன் என்று பெயர். செவுள் சிவந்து, மேலே வந்து வாயைப் பிளந்து, எப்படியோ ஆறு வாரத்தை ஓட்டிவிடும். பிழைத்தால் தோட்டத்துக் குளத்தில் விட்டுவிடுவோம். பிழைக்காவிட்டாலும் தண்ணீர் பக்குவமாகியிருக்கும். அதற்கப்புறம்தான் நமக்கு வேண்டிய மீனை விடுவது.

போன வருடம் சங்கத்துக்குப் புதிதாக வந்த பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி எழுந்து நின்று கேட்டாள்.

“பாவம் இல்லையா நொலீன்? இப்பல்லாம் அந்த விஷம், அம்மோனியா, பாட்டில்லயே விக்குது. நாலு சொட்டு விட்டாப் போதும். உயிரோட ஒண்ணப் போட்டு எதுக்கு வதைக்கணும்?”

“பாவம் பாக்கறவ ரோஜாச் செடி வளக்கலாம்மா. மீன் எதுக்கு?” என்றேன். கூட்டமே சிரித்தது. அவளும் சிரித்துவிட்டு உட்கார்ந்தாள்.

தங்கமீனைப் பற்றி இன்னும் ஒன்று. புயல் அடித்த வருடம் எட்டு நாள் கரண்ட் இல்லை. பம்ப்பெல்லாம் நின்றுபோய், டிஸ்கஸ் நாற்பதும் இரண்டே நாளில் போய்ச் சேர்ந்தன. நான் வருடக்கணக்காகப் பெற்ற பிள்ளை மாதிரி பார்த்தவை. பின்கட்டில் பாசி பிடித்த வாளியில் கிடந்த தங்கமீன்களில் ஒன்றுகூடச் சாகவில்லை. ஒரு நாள் ஒன்று வாளியிலிருந்து எகிறி விழுந்து தூசியில் புரண்டு கிடந்தது. பூனை முகர்ந்து பார்த்து, வேண்டாம் என்று போய்விட்டது. காய்ந்த சருகு மாதிரி இருந்ததை எடுத்துத் தண்ணீரில் போட்டேன். கால் மணி நேரம் சாய்ந்து கிடந்தது. பிறகு வால் ஆடியது. சாயங்காலம் தீனி கேட்டு மேலே வந்தது. அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தை உங்களுக்கு விளக்க முடியாது. போனது நாற்பது டிஸ்கஸ், இருப்பது இது. தாங்குகிற பிறவி என்று ஒன்று இருக்கிறது, அதைத் தாங்கத்தான் வைக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது அப்போதுதான்.

சரி, மிராவுக்கு வருகிறேன். மிரா என் ஒரே மகள். பதினெட்டு வயதில் வீட்டை விட்டுப் போனவள். போகும்போது, “இந்த வீட்ல மீனுக்கு ரூம் இருக்கு, எனக்கு இல்ல,” என்று சொல்லிவிட்டுப் போனாள். பதின்மூன்று வருடம் கிறிஸ்துமஸுக்கு ஒரு அட்டை, அவ்வளவுதான். இந்த வருடம் ஜனவரியில் போன் செய்தாள். ஆறு மாத வயிறு. கூட இருந்தவன் விட்டுவிட்டுப் போய்விட்டான். அவனுடைய அம்மா அடிலெய்டில் இருக்கிறாள், நல்ல மாதிரி, பெரிய வீடு, வா வா என்கிறாளாம்.

“உங்கிட்ட வரணும்னுதாம்மா ஆசை. ஆனா அந்த ஈரத்துல, பூஞ்சை வாடைல குழந்தைய வெச்சுக்க முடியாது. தனியா ஒரு ரூம் இருந்தாச் சொல்லு. இல்லன்னா அடிலெய்டுக்கே போயிடறேன்.”

“இருக்கு,” என்றேன். “புதுசாவே கட்டித் தர்றேன்.”

தொட்டிகளை எடுத்துவிட்டு வீட்டிலேயே இடம் கொடுத்திருக்கலாமே என்கிறீர்கள். முப்பத்தொரு தொட்டி. சொல்வது சுலபம். நான் பழைய புகையிலைக் கொட்டகையை எடுத்துச் சரிசெய்தேன். சுவருக்கு உள்ளே பலகை, கண்ணாடி ஜன்னல், சின்ன சமையல் மேடை, தரைக்கு மேலே நல்ல மரத்தரை. தொட்டிலுக்கு நானே வெள்ளை பெயிண்ட் அடித்தேன். என் பேரன் அதில் படுத்திருப்பதை நினைத்து நினைத்து அடித்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த வேலையையும் செய்ததில்லை.

ஆனால் வாடை போகவில்லை. இனிப்பும் கசப்புமாக, தொண்டையில் போய் உட்காருகிற வாடை. அது எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். நாற்று நடுவதற்கு முன்னால் மண்ணுக்குப் போடுகிற புகைமருந்து. அதைத் தடைசெய்த வருடம் எல்லாரும் திருப்பிக் கொடுத்தார்கள், ஸ்டிபே கொடுக்கவில்லை. காசு கொடுத்து வாங்கியதை எதற்குச் சும்மா கொடுப்பது என்று கொட்டகைக்குள் பள்ளம் தோண்டி இறக்கி, மேலே பலகை அடித்துவிட்டார். இன்று மதியம் உங்கள் ஆட்கள் முகமூடி போட்டுக்கொண்டு தரையைப் பெயர்த்ததில் நான்கு பீப்பாய் கிடைத்தது என்கிறீர்கள். ஐந்து இருக்க வேண்டும். ஐந்தாவது சமையல் மேடைக்குக் கீழே. துருப்பிடித்து ஓட்டை விழுந்தது அதுதான். அங்கே யாரையும் மண்டிபோட்டு உட்கார வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அரசாங்கத்துக்குச் சொல்லியிருந்தால் வந்து எடுத்திருப்பார்கள், உண்மைதான். கொட்டகையைச் சுற்றித் தடுப்பு நாடா கட்டி, மண்ணைச் சோதித்து, கடிதம் போட்டு, ஒரு வருடம் ஆக்கியிருப்பார்கள். அதற்குள் மிரா அடிலெய்டில் இருப்பாள். என் பேரன் வேறொருத்தியைப் பாட்டி என்று கூப்பிடுவான்.

புதுத் தொட்டிக்கும் புது அறைக்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. ஆள் புழங்காத இடம் எதுவும் வாடை அடிக்கும். ஒருவர் ஆறு வாரம் உள்ளே இருந்து, சமைத்து, தூங்கி, மூச்சு விட்டால் எந்த இடமும் ஒரு பதத்துக்கு வந்துவிடும். நீங்கள் தலையை ஆட்டுகிறீர்கள். நாற்பது வருடமாக நான் பார்த்து வந்த விஷயம் இது. நேற்றுப் பள்ளிக்கூடம் முடித்தவர்கள் கருவியை நீட்டிச் சொல்வதால் அது பொய்யாகிவிடாது.

வின்கோ என் கணவருடைய தம்பி. அறுபத்தெட்டு வயது. கல்யாணம் இல்லை. ஆற்றங்கரையில் ஒரு ஓட்டைக் கேரவனில் இருந்தான். இளவயதில் புகையிலை உலர்த்தும் சூளைக் கூரையிலிருந்து விழுந்து எழுந்தவன். பாம்பு கடித்து, தானே லாரியை ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவன். அந்தப் பாம்பு அப்புறம் பிழைத்ததா என்று பப்பில் இன்றைக்கும் கேட்பார்கள். நாற்பது வருடம் சிகரெட், வீட்டில் காய்ச்சிய பிளம் சாராயம், ஒரு தலைவலி கிடையாது. மழைக்காலம் தொடங்கி அவன் கேரவன் ஒழுகிக்கொண்டிருந்தது. நான் போய்க் கூப்பிட்டேன்.

“மிரா வர்ற வரைக்கும் புது ரூம்ல வந்து இரு. சும்மாத்தானே கெடக்கு.”

“அடேயப்பா! மீன் மகாராணிக்கு என் மேல திடீர்னு என்ன பாசம்? நான் செத்தா என்னையும் தொட்டியில போட்டு வெப்பியா?”

“நீ எங்க சாகப் போற,” என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

“என்ன நொலீன் இது வாடை? எங்கண்ணன் இங்க எதையாவது ஒளிச்சு வெச்சிருக்கானா?”

“பெயிண்ட்.”

“நாப்பது வருஷம் புகையிலைக் காட்டுல கெடந்தவன்கிட்ட வந்து பெயிண்ட்டுங்கற.”

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. வீட்டுக்குள் போய் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் தங்கமீன் ஒன்றை விட்டுக் கொண்டுவந்தேன். வாலோரத்தில் கறுப்புத் தீற்றல் உள்ள நல்ல மீன். மேசை மேல் வைத்தேன்.

“காத்து கெட்டுதுன்னா மொதல்ல மீன்தான் சாகும். இது நீந்தற வரைக்கும் உனக்கு ஒண்ணும் ஆகாது. போதுமா?”

மீன் விஷயத்தில் என் பேச்சுக்கு ஊரில் யாரும் மறுபேச்சுப் பேசியதில்லை. அவன் குனிந்து கிண்ணத்துக்குள் வெகுநேரம் பார்த்தான்.

“வாயைத் தொறக்கறான், மூடறான், பேச்சு மட்டும் வர மாட்டேங்குது. அச்சு அசல் எங்கண்ணன்தான்,” என்றான். அன்றிலிருந்து அந்த மீனுக்கு அண்ணன் என்றே பெயராகிவிட்டது. காலையில் எழுந்ததும் முதல் பேச்சு அதனோடுதான். “என்னண்ணே, ராத்திரி தூங்கினியா? உம் பொண்டாட்டி சமையல் இன்னிக்கும் வாயில வெக்க முடியல,” என்று எனக்குக் கேட்கிற மாதிரி சொல்வான்.

ஜன்னல்களைச் சாத்தியே வைக்கச் சொன்னேன். மழைச் சாரல் புதுத் தரையைக் கெடுத்துவிடும் என்று காரணம் சொன்னேன். உண்மையான காரணம் வேறு. புதுத் தொட்டியில் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தால் அது என்றைக்கும் பக்குவமாகாது.

சமையலறையிலிருந்து நீங்கள் எடுத்த நோட்டு என்னுடையதுதான். எல்லாத் தொட்டிக்கும் எழுதுகிற மாதிரிதான் இதற்கும் எழுதினேன். ஒன்பதாம் நாள், தலைவலி. பதினான்காம் நாள், சாப்பாடு பாதி. பத்தொன்பதாம் நாள், காலையில் வாந்தி, மூச்சு வேகம். இருபத்தாறாம் நாள், வாசற்படிக்கு வந்து நின்று வாயைத் திறந்து மூச்சு வாங்கினான். அந்த வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருப்பேன். முதல் மீன் மேலே வந்து வாயைத் திறப்பது விஷம் உச்சத்துக்கு வந்ததற்கு அடையாளம். அதன் பிறகு குறைய வேண்டும். எனக்கு அன்று உள்ளபடியே நிம்மதியாக இருந்தது.

ஒரு நாள் கேட்டான். “நொலீன், அண்ணன் வால்ல கறுப்பு இருந்துச்சே, எங்க காணோம்?”

“தங்கமீன் வளர வளர நிறம் மாறும். எல்லாருக்கும் தெரியுமே.”

“நமக்கு நரைக்குது, இவனுக்குக் கறுப்பு போகுது. கொடுத்து வெச்சவன்,” என்றான். சிரிக்கப் போய் இருமல் வந்து, அது நிற்க நேரமானது.

முப்பத்துமூன்றாம் நாள் பெட்டியைக் கட்டி வைத்திருந்தான். முகம் மஞ்சள் பூத்திருந்தது.

“நான் கேரவனுக்கே போறேன். ஒழுகினா ஒழுகட்டும். மூச்சு விட்டாப் போதும்ப்பா எனக்கு.”

இன்னும் ஒன்பது நாள் இருந்தது. பாதியில் மீனை எடுத்தால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். மிரா வர ஐந்து வாரம்தான் இருக்கிறது.

“அண்ணன் நல்லாத்தானே நீந்தறான்?” என்றேன். “உனக்கு வயசாயிடுச்சு வின்கோ. அதுக்கு ரூம் மேல பழி போடாதே.”

அவன் கிண்ணத்தைப் பார்த்தான். மீன் கண்ணாடியோரமாக வந்து நின்று வாயைத் திறந்து மூடியது.

“அதுவும் சரிதான்,” என்றான். “அண்ணனே இருக்கான். நான் ஓடினா அசிங்கம்.” பெட்டியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தான்.

நாற்பத்தோராம் நாள் காலை பத்து மணிக்குச் சூப் எடுத்துக்கொண்டு போனேன். கதவைப் பார்த்த மாதிரி நாற்காலியில் இருந்தான். கை குளிர்ந்திருந்தது. நான் அழுதேன். அதை நீங்கள் நம்ப வேண்டும். எனக்கு வின்கோவைப் பிடிக்கும், முப்பத்தைந்து வருடம் என்னைச் சிரிக்க வைத்தவன். வந்த டாக்டர் அவன் விரலில் இருந்த சிகரெட் கறையைப் பார்த்துவிட்டு, நுரையீரல் என்று எழுதினார். நான் இல்லை என்று சொல்லவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லி எனக்குப் பழக்கம் இல்லை.

ஒரு நாள் குறைவு, இருந்தாலும் ஆறு வாரம்தான். அடக்கம் முடிந்து வந்து கதவைத் திறந்து மோந்து பார்த்தேன். வாடை இல்லை. அந்த நாற்பத்தொரு நாளும் தினமும் போய் வந்த மூக்கு என்னுடையது, பழகிப்போயிருக்கும் என்று நீங்கள் சொல்வீர்கள். இன்று காலை குழந்தையை எடைபோட வந்த நர்ஸ் கதவைத் திறந்ததும் பின்னால் நகர்ந்துவிட்டாளாம், உங்களுக்குப் போன் செய்ததும் அவள்தானாம். ஊசி மருந்து வாடையிலேயே இருக்கிறவள், அவளுக்கு எல்லாமே நாறும்.

மிரா வந்து பத்தொன்பது நாள் ஆகிறது. பேரன் லூகாவுக்கு ஐந்து வாரம். அறையைப் பார்த்ததும் மிரா என்னைக் கட்டிப்பிடித்து, “இவ்வளவும் எனக்காகவாம்மா?” என்றாள். பதின்மூன்று வருடத்துக்கு அந்த ஒரு வார்த்தை போதும் எனக்கு. சித்தப்பா இருந்த அறை என்று அவளுக்குத் தெரியும். கிண்ணத்தைத் தொட்டில் பக்கத்தில் வைத்தேன்.

லூகா அழவே மாட்டான். அப்படி ஒரு சமத்து. மிராதான் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள்.

“பால் குடிக்க மாட்டேங்கறாம்மா. எழுப்பினாலும் எழுந்துக்க மாட்டேங்கறான். எனக்கும் தலை வெடிக்குது. ஜன்னலைத் தொறந்து வெக்கட்டுமா?”

“கொஞ்ச நாள் பொறு. புது எடம், பழகிடும். அந்த மீனைப் பாரு, எவ்வளவு தெம்பா இருக்கு.”

இப்போது அவனைக் கெய்ர்ன்ஸ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மூக்கில் குழாய் வைத்திருப்பதாகச் சொல்கிறீர்கள். மிராவுக்கும் ட்ரிப்ஸ் ஏறுகிறதாம். என்னைப் பார்க்க மாட்டேன் என்று சொன்னாளாம். சொல்வாள், அவள் கோபம் அப்படித்தான். நீங்கள் செய்ததுதான் தப்பு. ஒரு தண்ணீருக்குப் பழகிக்கொண்டிருக்கிற மீனை வெடுக்கென்று எடுத்து வேறு தண்ணீரில் போட்டால் எந்த மீனும் சுருண்டுதான் போகும். ஞாயிற்றுக்கிழமைக்குள் இரண்டு பேரையும் வீட்டுக்குக் கொண்டுவந்து விடுங்கள். அந்த அறை தயாராவதற்கு வின்கோ ஆறு வாரம் போட்டிருக்கிறான். அது வீண் என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. நான் கேட்டுக்கொண்டிருக்க மாட்டேன்.

மரீபாவில் வளர்ப்பு மீன் விற்கிற கடைப் பெண் உங்களிடம் சொன்னதும் உண்மைதான். வின்கோ இருந்தபோது ஒரே அளவில், ஒரே நிறத்தில் ஏழு தங்கமீன் வாங்கினேன். முதல் அண்ணன் நாலாம் நாளே போய்விட்டது. தங்கமீன் அப்படிப் போய் நான் பார்த்ததில்லை. அவன் பப்புக்குப் போகிற நேரமாகப் பார்த்து மாற்றிவிடுவேன். கறுப்புத் தீற்றல் உள்ளது மட்டும் கடையில் கிடைக்கவில்லை. அவன் மனது சங்கடப்படக் கூடாது என்றுதான் செய்தேன். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் எல்லாரும் செய்வதுதான், நீங்கள் சின்ன வயதில் வளர்த்த மீனைக்கூட உங்கள் அம்மா மாற்றியிருப்பாள்.

இந்தப் பையில் இருப்பது யாருக்கு என்று கேட்டீர்கள். கடைசியாக வாங்கியது தொட்டில் பக்கத்தில் இருந்தது. இன்று காலை ஏழு மணிக்குப் பால் கொண்டு போனபோது ஒருக்களித்து மிதந்தது. மிராவை எழுப்பவில்லை. இரண்டு பேரும் அவ்வளவு ஆழ்ந்து தூங்கினார்கள், கெடுக்க மனம் வரவில்லை. சத்தம் போடாமல் கிண்ணத்தைக் கழுவித் தண்ணீர் நிரப்பி வைத்தேன், ஜன்னல் கொக்கிகள் சரியாக விழுந்திருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, கடை திறக்கிற நேரத்துக்குக் கிளம்பினேன்.

நான் சொல்ல வேண்டியது அவ்வளவுதான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். அந்தப் பையை மட்டும் யாரிடமாவது கொடுத்து அனுப்பி, மீனைக் கிண்ணத்தில் விடச் சொல்லுங்கள். மிரா திரும்பி வரும்போது அது காலியாக இருந்தால் பயந்துவிடுவாள்.